பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலம் நெருங்குகிறது. மலைநாட்டில் பூச்செடி அதிகம் கைமாறும் காலம் இதுதான். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறும் வீதியோரங்களிலும், வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து நேர்சரிகளிலும், வாரச்சந்தைகளிலும் கலப்பின ஓர்கிட் கன்றுகள் வரிசை வரிசையாக வைத்திருப்பார்கள். பெரும்பாலானவை இன்னும் பூக்காத கன்றுகள். சட்டியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை குத்தியிருக்கும். அதில் ஒரு பெயர், சிலவற்றில் பளபளப்பான ஒரு படம். வாங்குபவர் காசு கொடுப்பது அந்தப் பெயரை நம்பித்தான். அது பிழையான பெயர் என்பது முதற்பூ விரிகிற அன்றுதான் தெரியவருகிறது. டென்ட்ரோபியம், பெலனொப்சிஸ் ஓர்கிட் வகைகள் என்றால், நாற்று வளர்க்கும் ஆய்வுகூடப் போத்தலிலிருந்து எடுத்துப் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். கட்லியா, வண்டா, சிம்பிடியம் என்றால் நாலு, ஐந்து, சிலவேளை ஏழு வருடம் கூட. அத்தனை வருடம் காத்திருந்தவர் பற்றுச்சீட்டையும் தொலைத்திருப்பார், வாங்கிய இடத்தையும் மறந்திருப்பார்.

"ஏதோ ஒரு பூ வந்ததே, அது போதாதா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரோஜாவுக்கு இந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். ஓர்கிட்டுக்குப் பொருந்தாது. அதுவும் மலைநாட்டில் அறவே பொருந்தாது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். நுவரெலியா 1,868 மீற்றர். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே சராசரி வெப்பநிலையில் எட்டு ஒன்பது பாகை செல்சியஸ் வித்தியாசம் இருக்கிறது. ஒரு கலப்பினம் எந்த உயரத்தில் பூக்கும், எங்கே இலையை மட்டும் வளர்த்துக்கொண்டு நிற்கும், எங்கே அழுகிச் சாகும் என்பதை அதன் பெற்றோரின் பெயரை வைத்துத்தான் சொல்லமுடியும். பட்டையில் பிழையான பெயர் இருந்தால் வளர்க்கும் முறையும் பிழைத்துப்போகிறது.

டென்ட்ரோபியத்தையே எடுத்துக்கொள்வோம். 'டென்ட்ரோபியம் ஹைபிரிட்' என்ற ஒரே பட்டையோடு விற்கப்படுபவற்றில், குணத்தில் நேரெதிரான இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று நோபிலே வகை. இமயமலைப் பக்கத்துக் காட்டினத்தின் வழி வந்தது, குளிரைக் கேட்பது. மற்றது பிகிப்பம் என்ற வட அவுஸ்திரேலிய, நியூகினி இனத்தின் வழி வந்தது, வருடம் முழுவதும் வெதுவெதுப்பைக் கேட்பது. பூக்கடைகளில் வெட்டுப்பூவாக விற்கும் ஊதாவும் வெள்ளையும் கலந்த 'சோனியா' இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

நோபிலேக்கு நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை ஓய்வு கொடுக்கவேண்டும். நைதரசன் உரத்தை முற்றாக நிறுத்தவேண்டும். தண்ணீரைக் குறைத்து, தண்டு சுருங்கிப்போகாத அளவுக்கு மட்டும் தெளிக்கவேண்டும். இரவு வெப்பநிலை 10 முதல் 14 பாகை வரை சில வாரங்கள் இருந்தால் போன வருடத்துத் தண்டின் கணுக்களில் மொட்டுப் புடைக்கும். மொட்டு மொட்டுதான் என்று தெளிவாகத் தெரிகிற அளவுக்கு உருண்ட பிறகே மறுபடி தண்ணீர். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் அந்தக் கணுவிலிருந்து பூ வராது, வேர் விட்ட சின்னக் கன்றுதான் வரும். ஊவாப் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பண்டாரவளையிலும் வெலிமடையிலும் வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலமும் நோபிலேக்கு ஓய்வு வேண்டிய காலமும் ஒன்றாக வருகின்றன. அங்கே நவம்பர் பிறந்ததும் செடியை வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகட்டுக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரை என்பதால், ஜனவரி பெப்ரவரியின் வரட்சியே பாதி வேலையைச் செய்துவிடும்.

சோனியா வகைக்கு இவை எல்லாம் நஞ்சு. இரவில் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகும். இப்போது பட்டையை மாற்றிக் குத்திப் பாருங்கள். சோனியா என்று நம்பி நோபிலேயை வருடம் முழுக்க நனைத்தவர், ஐந்து வருடத்தில் ஐம்பது கன்று எடுத்திருப்பார், ஒரு பூவும் கண்டிருக்கமாட்டார். நோபிலே என்று நம்பி சோனியாவை நுவரெலியாவில் ஓய்வுக்கு விட்டவர், மார்ச் மாதம் வெறும் தண்டை எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார். இரண்டு பேருமே தங்கள் கைராசியைத்தான் நொந்துகொள்வார்கள். பிழை அவர்கள் கையில் இல்லை.

இந்த இரண்டையும் பூ இல்லாமலே பிரித்தறியலாம். இலையின் நுனியை விரல் நகத்தில் வைத்துப் பாருங்கள். நோபிலே வகையில் நுனி பெரும்பாலும் ஒரே கூராக முடியாது. சாய்வாகப் பிளந்தது போல, ஒரு பக்கம் சற்று நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். இலை மெல்லியது, தண்டு நெடுகக் கீழிருந்து மேல்வரை இருபக்கமும் வரிசையாக வரும். தண்டு சதைப்பிடிப்பாக, கணுவுக்குக் கணு புடைத்திருக்கும். சோனியா வகையில் தண்டு கடினமாக, நடுவில் தடித்து இரு முனையிலும் ஒடுங்கும். இலை தோல் போலத் தடித்து, பெரும்பாலும் தண்டின் மேற்பாதியில் நிற்கும். பழைய பூந்தண்டின் காய்ந்த அடித்தடம் இருந்தால் இன்னும் நல்லது. சோனியா வகையில் அது உச்சிக் கணுக்களில் நீளக் குச்சியாக இருக்கும். நோபிலேயில் தண்டின் பக்கவாட்டில், கணுக்களில் குட்டையாக இருக்கும். கடையில் ஒரு நிமிடம் செலவழித்தால் போதும்.

சிம்பிடியத்தில் இவ்வளவு எளிதில் பிடிக்கமுடியாது. பெரிய பூ விடும் சிம்பிடியக் கலப்பினங்கள் இமயமலைச் சாரலிலும் அதையொட்டிய குளிர்ப் பிரதேசங்களிலும் வளரும் இனங்களிலிருந்து வந்தவை. பூந்தண்டு உருவாகும் காலத்தில் அவற்றுக்கு 15 பாகைக்குக் குறைந்த இரவுகள் தேவை. நுவரெலியாவில் அந்தக் குறை இல்லை. கண்டியிலும் மாத்தளையிலும் அது கிடைக்காது. அங்கே செடி செழித்து, சட்டியை உடைக்கும் அளவுக்குக் குமிழ் (இலைக்கு அடியில் தடித்த தண்டு) போட்டு, பூக்காமலே நிற்கும். ஆனால் என்சிபோலியம், அலோயிபோலியம் போன்ற சூடு தாங்கும் இனங்களைப் பெற்றோராகக் கொண்ட கலப்பினங்கள் கண்டியில் பூக்கும். என்சிபோலியத்துக்கும் 'ஈனிட் ஹோப்ட்' என்ற கலப்பினத்துக்கும் பிறந்த 'கோல்டன் எல்ப்' இதற்கு நல்ல உதாரணம். மஞ்சள் பூ, நல்ல வாசனை. இலையை மட்டும் பார்த்து இவற்றைத் தீர்மானிப்பது நிச்சயமில்லாத வேலை. அதனால்தான் பட்டையில் 'சிம்பிடியம், மஞ்சள்' என்று மட்டும் எழுதி விற்பதை ஏற்கமுடியாது. நிறம் பிறகு வரட்டும். பெற்றோர் யார் என்பதுதான் கண்டிக்காரருக்குத் தேவை.

வண்டாவில் இலையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தட்டை இலை வண்டாவின் இலை நாடா போல, நடுவில் மடிந்து இருக்கும். மற்றொன்றின் இலை பென்சில் போல உருண்டிருக்கும். 1893 இல் அறிவிக்கப்பட்டு 1981 இல் சிங்கப்பூரின் தேசிய மலரான 'மிஸ் ஜோக்கிம்' இந்த உருண்டை இலைக் கூட்டத்தது. இரண்டையும் கலந்தால் பிள்ளையின் இலை இடைப்பட்டதாக, ஆழமான வாய்க்கால் போலக் குழிந்து வரும். உருண்டை இலைக்கு முழு வெயில் வேண்டும், நிழல் வலைக்குக் கீழே வைத்தால் உயர்ந்துகொண்டே போகும், பூக்காது. தட்டை இலையை அதே வெயிலில் வைத்தால் வெந்துபோகும். ஆகவே தட்டை இலை வண்டாக்கள் இரண்டுக்குப் பிறந்தது என்று எழுதியிருக்கும் கன்றின் இலை குழிவாய்க்கால் போல இருந்தால், அந்தப் பட்டை பொய். பூவுக்குக் காத்திருக்கவே தேவையில்லை.

கட்லியாவிலும் இப்படியொரு சோதனை உண்டு. ஒரு குமிழுக்கு ஒரே இலை விடும் இனங்கள் வேறு, மெலிந்து உயர்ந்த குமிழின் உச்சியில் இரண்டு இலை விடும் இனங்கள் வேறு. பெற்றோர் இருவரும் ஒற்றை இலைக்காரர் என்று பட்டை சொல்ல, கன்று ஒவ்வொரு குமிழிலும் இரட்டை இலையோடு நெடுநெடு என்று நின்றால் சந்தேகிக்கவேண்டும். இதை வீண் ஆராய்ச்சி என்று நினைக்கவேண்டாம். இரட்டை இலைக் கட்லியாவைப் புதிய வேர் முளைவிடும் நேரம் தவிர வேறு நேரத்தில் சட்டி மாற்றினால் பல மாதம் சுருண்டு கிடக்கும், சிலவேளை மீளாது. ஒற்றை இலை வகை இவ்வளவு கோபிக்காது.

பட்டையை வாசிக்கத் தெரியாததால் விற்பவர் மீது அநியாயமாகப் பழி விழுவதும் உண்டு. அதையும் சொல்லவேண்டும்.

ஓர்கிட்டில் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகள் அனைத்துக்கும் ஒரே பெயர். அதைக் 'கிரெக்ஸ்' என்பார்கள். யார் தாய், யார் தந்தை என்று மாறினாலும் பெயர் மாறாது. செருலியா, சாண்டெரியானா என்ற இரண்டு வண்டா இனங்களுக்கும் பிறந்த எந்தக் கன்றும் 'வண்டா ரொத்ஷில்டியானா'தான். 1931 இல் பதிவான பெயர் அது. இந்தப் பெயர்களைப் பதிவு செய்யும் சர்வதேசப் பொறுப்பு 1961 முதல் இலண்டனில் உள்ள றோயல் தோட்டக்கலைச் சங்கத்திடம் இருக்கிறது. இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். ஒரு பெயரை இட்டால் பெற்றோர் யார், பதிந்தவர் யார், எந்த வருடம் என்று வரும். பெயர் அங்கே இல்லையென்றால் ஒன்றில் எழுத்துப்பிழை, அல்லது கடைக்காரர் வைத்த செல்லப்பெயர், அல்லது இன்னும் பதியப்படாத புதிய கலப்பு. இதில் எது என்று கடையிலேயே கேட்டுவிடலாம்.

கிரெக்ஸ் பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தால், அது அந்தக் குடும்பத்தில் ஒரேயொரு பிள்ளையின் பெயர். அந்தப் பிள்ளையை இழைய வளர்ப்பில் (ஆய்வுகூடத்தில் செடியின் திசுவிலிருந்து) பெருக்கினாலோ, பிரித்து நட்டாலோ மட்டுமே அந்த மேற்கோள் பெயரைச் சுமக்கலாம். விதையில் வந்த கன்று சுமக்கமுடியாது. இங்கேதான் அதிகக் குழப்பம். பட்டையில் இரண்டு பெயர், நடுவில் ஒரு பெருக்கல் குறி, இரண்டுக்கும் மேற்கோள் பெயர் என்று இருந்தால், அவை பெற்றோரின் பெயர்கள். சட்டியில் இருப்பது அவற்றின் விதைக்கன்று. பக்கத்தில் ஒட்டிய படம் தாயின் படமாகவோ தந்தையின் படமாகவோ இருக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒரே சாயலில் இருப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓர்கிட்டுக்கும் அதுவே. படத்தைப் போல வரவில்லை என்பதற்காக அதைப் பிழையான பட்டை என்று சொல்லமுடியாது. ஆனால் விதைக்கன்றுக்குப் பெற்றோரில் ஒருவரின் படத்தை ஒட்டி, 'விதைக்கன்று' என்ற ஒரு சொல்லை எழுதாமல் விடுவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

பெயர் மாற்றமும் ஒரு காரணம். தாவரவியலாளர்கள் இனங்களை மறுபடி வகைப்படுத்தும்போது பழைய பெயர்கள் போய்ப் புதியவை வரும். அஸ்கொசெண்டா என்று நாம் அழைத்தவை எல்லாம் இன்று வண்டாதான். சொப்ரொனைட்டிஸ் கட்லியாவுக்குள் போய்விட்டது. மிஸ் ஜோக்கிம் வண்டா என்று பழகிய செடி இப்போது பப்பிலியோனந்தே. ஒரே செடிக்கு இரண்டு கடையில் இரண்டு பட்டை இருந்தால் சண்டைக்குப் போகுமுன் பதிவேட்டில் பெற்றோரைப் பார்க்கவும். பெற்றோர் ஒன்றென்றால் செடி ஒன்று.

உண்மையான பிழை எங்கே நடக்கிறது? ஒரு போத்தலில் முப்பது நாற்பது நாற்று இருக்கும். போத்தலில் பட்டை மாறினால் முப்பதும் நாற்பதும் ஒரே மாதிரிப் பிழையாக வரும். போத்தல் சரியாக இருந்து, தட்டுத் தட்டாகப் பிரித்து நடும்போது ஒன்றிரண்டு பக்கத்துத் தட்டில் விழுந்தால், கூட்டத்தில் ஒன்று மட்டும் பிழையாக வரும். இதனால்தான், பூ வேறாக வந்தால் அதே நாள் அதே கடையில் வாங்கிய மற்றவருடைய செடியில் என்ன வந்தது என்று விசாரிப்பது முக்கியம். விடை தெரிந்தால் பிழை எந்தக் கட்டத்தில் என்று தெரியும், கடைக்காரரும் மிச்சச் செடிகளைத் திருத்தலாம். பிள்ளைகள் எல்லாம் தாயையே உரித்து வைத்தது போல வந்தால், கலப்பே நடக்கவில்லை, தாயின் மகரந்தமே தாயில் பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இழைய வளர்ப்பில் ஒரே திசுவை அளவுக்கு மீறிப் பெருக்கினாலும் மாற்றம் வரும். பூவின் உருவம் ஏறத்தாழ சரியாக இருந்து, உதடு எனப்படும் வேறுபட்ட நடு இதழ் மட்டும் சிதைந்தோ, மற்ற இதழைப் போலவோ வரும். அது பட்டைப் பிழை அல்ல, செடியின் பிழை. அதற்கும் விற்பவர் பதில் சொல்லவேண்டும்.

மிகச் சாதாரணமான காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்: மை அழிவது. நிரந்தர மை என்று விற்கும் மார்க்கர் பேனை மலைநாட்டு வெயிலிலும் மழையிலும் ஒரு வருடம் நிற்பது அரிது. அழிந்த பட்டைக்கு மேல் வேலைக்காரர் நினைவிலிருந்து எழுதுகிறார், அடுத்த வருடம் இன்னொருவர் அதைப் பார்த்து எழுதுகிறார். மூன்றாம் கையில் அது வேறு செடி. இதற்குச் செலவில்லாத பரிகாரம் சாதாரணப் பென்சில். 2பி பென்சிலால் சொரசொரப்பான வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையில் எழுதினால் வெயில் அதை அழிக்காது, ஏனென்றால் பென்சில் கரி ஒளியில் மங்குவதில்லை. வழுவழுப்பான பட்டை என்றால் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துக்கொள்ளலாம். யோகட் கோப்பையை வெட்டினாலும் பட்டைதான். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் மென்பானத் தகரக் குவளையை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, விளிம்பை மடித்து, மை தீர்ந்த போல்பொயின்ட் பேனையால் அழுத்தி எழுதுங்கள். எழுத்துப் பள்ளமாகவே பதியும். அதைச் சட்டியின் கம்பியில் கட்டவேண்டும், தண்டில் கட்டக்கூடாது. எப்போதும் இரண்டு பட்டை. ஒன்று வெளியே தெரிய, மற்றது கரிக்கும் தேங்காய் மட்டைத் துண்டுக்கும் நடுவே சட்டிக்குள் புதைந்து. வெளிப்பட்டையைக் குழந்தையோ காக்கையோ பிடுங்கினாலும் உள்ளே ஒன்று இருக்கும்.

பூ விரிந்தபின் எப்படிச் சரிபார்ப்பது? முதலில், முதற்பூவை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். இளம் செடியின் முதற்பூ சிறியதாகவும் எண்ணிக்கையில் குறைந்தும் இருக்கும். விரிந்து ஏழு முதல் பத்து நாளாகும்வரை இதழ் முழுதாக நிமிராது, நிறமும் முழுதாக ஏறாது. குளிர் இரவில் சிவப்பும் ஊதாவும் கருக்கும், சூட்டில் வெளிறும். ஒரே செடி கண்டியில் ஒரு நிறம், நானுஓயாவில் ஒரு நிறம் என்று தோன்றுவது இயல்பு. இரண்டாவது பூப்பிலும் வித்தியாசம் அப்படியே இருந்தால் பேசலாம்.

இரண்டாவது, நிறம் பலவீனமான சாட்சி. இரண்டு வெள்ளைக் கட்லியாக்களுக்கு ஊதாப் பிள்ளை பிறப்பதுண்டு. ஊதா நிறமி உண்டாக வேண்டிய மரபணுக்களில் தாயிடம் ஒன்று குறைந்திருக்கும், தந்தையிடம் வேறொன்று குறைந்திருக்கும். பிள்ளையில் இரண்டும் சேர்ந்துவிடும். உருவம்தான் பலமான சாட்சி. கட்லியாவின் உறவினமான றிங்கோலேலியா டிக்பியானா நேரடிப் பெற்றோராக இருந்தால் உதட்டின் ஓரத்தில் நார் பிரிந்தது போன்ற குஞ்சமும் சாம்பல் பூத்த இலையும் எதிர்பார்க்கலாம். வண்டா செருலியா நேரடிப் பெற்றோர் என்றால் இதழில் கட்டம் போட்ட வலைக்கோடு தெரியவேண்டும். பூந்தண்டு எங்கிருந்து கிளம்புகிறது, ஒரு தண்டில் எத்தனை பூ, உதட்டின் அடியில் உள்ள மேடு எப்படி, வாசனை பகலிலா இரவிலா, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவுகோலை அருகில் வைத்து, நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, உதட்டை நெருங்கி ஒன்று, முழுச் செடியும் ஒன்று எடுக்கவேண்டும். வெயிலில் எடுத்தால் நிறம் ஏமாற்றும், நிழல் வெளிச்சத்தில் எடுக்கவும்.

மூன்றாவது விடயத்தில் நல்ல வளர்ப்பாளர்களே வழுக்குகிறார்கள். பட்டை பிழை என்று நிரூபிக்கலாம், ஆனால் சரியான பெயர் எது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கமுடியாது. ஒரே சாயலில் நூற்றுக்கணக்கான கலப்பினங்கள் இருக்கின்றன. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படத்தைப் போட்டு, "இது இன்னதுதான்" என்று யாரோ சொன்னதைப் பட்டையில் எழுதுவது பழைய பொய்யை எடுத்துப் புதிய பொய்யை வைப்பதாகும். அந்தச் செடி பிரிக்கப்பட்டு நாலு வீட்டுக்குப் போனால் பொய்யும் நாலு வீட்டுக்குப் போகிறது. அதை வைத்து யாராவது கலப்புச் செய்தால் பிறக்கும் பிள்ளைகளின் பெயரும் பொய்.

பூத்த செடி வாங்கினாலும் இரண்டு எச்சரிக்கை. பளீர் நீலத்தில் பெலனொப்சிஸ் வந்தால் அது வெள்ளைப் பூ, சாயம் ஏற்றப்பட்டது. பூந்தண்டின் அடியில் ஊசி குத்திய ஓட்டையும் அதை அடைத்த மெழுகும், சுற்றி நீலக் கறையும் தேடினால் கிடைக்கும். அடுத்த பூ வெள்ளையாகத்தான் வரும். மற்றது, இதழில் ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக நிறம் உடைந்திருப்பதைப் புது வகை என்று கூடுதல் விலைக்கு விற்பது. இரு பக்க இதழிலும் ஒரே மாதிரி, பூவுக்குப் பூ அதே இடத்தில் வந்தால் அது பரம்பரை அழகாக இருக்கலாம். ஒவ்வொரு பூவிலும் ஒவ்வொரு மாதிரி, இலையிலும் கோடும் கருமையும் இருந்தால் வைரஸ் என்று சந்தேகிக்கவேண்டும். மருந்து இல்லை. வெட்டிய கத்தி மூலமாகவும் மற்றச் செடிக்கு ஏறும்.

இன்னொரு பொய்ப் பட்டையும் உண்டு, அது எல்லாவற்றிலும் மோசமானது. காட்டிலிருந்து பிடுங்கிய செடியைக் 'கலப்பினம்' என்று விற்பது. வெசாக் காலத்தில் பூப்பதால் வெசாக் மலர் எனப்படும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே இலங்கைக்கு மட்டுமே உரியது. தாழ்நில மழைக்காட்டில் வளர்வது, காட்டில் அருகிக்கொண்டே போகிறது. சட்டியில் வளர்த்த கன்றின் வேர் சட்டியின் உருவத்தில் சுற்றியிருக்கும், குமிழ்கள் சின்னதிலிருந்து பெரிதாகப் படிப்படியாக ஏறும். காட்டுச்செடியின் வேர் ஒரு பக்கம் தட்டையாக, அறுந்து, மரப்பட்டைத் துண்டோடு இருக்கும், இலையில் பாசியும் புள்ளியும் படிந்திருக்கும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட செடியை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.

இனிக் கோரிக்கைகள். விவரத்தைச் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்கவேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ள கொள்கை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் முறையிடவேண்டும். நாலு வருடத்தில் பூக்கும் செடிக்கு 3 மாதம் எதற்குக் காணும்? ஆகவே பற்றுச்சீட்டிலேயே வழி செய்துகொள்ள வேண்டும். பட்டையில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து பற்றுச்சீட்டில் வரட்டும், விதைக்கன்றா இழைய வளர்ப்பா என்பதும் வரட்டும், 'பூ வேறாக இருந்தால் மாற்றுச் செடி அல்லது பணம்' என்ற ஒரு வரியும் கையொப்பமும் இருக்கட்டும். பட்டையையும் பற்றுச்சீட்டையும் சேர்த்து அன்றே படம் எடுத்துவையுங்கள். நேர்மையான நேர்சரிக்காரர் இதற்குத் தயங்கமாட்டார். பெற்றோர் யார், எந்த உயரத்துக்கு ஏற்றது என்ற இரண்டையும் பட்டையில் அவரே சேர்த்து எழுதினால் அவருடைய செடிக்குத் தனி மதிப்பு வரும். பெயர் தெரியாத செடி இருந்தால் 'பெயர் தெரியாது' என்று எழுதி, விலையைக் குறைத்து விற்கட்டும். அதை வாங்கவும் ஆளிருக்கிறது, அது அவமானமும் அல்ல.

பேராதனை, ஹக்கலை தாவரவியல் பூங்காக்களின் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு நாள், பூத்த செடியைப் பட்டையோடு கொண்டுவந்து காட்ட ஒரு மேசை போடுங்கள். சரியான பெயரை யாரும் சொல்லவேண்டியதில்லை. இந்தப் பூவுக்கும் இந்தப் பட்டைக்கும் பொருத்தம் உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்லி, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டில் எழுதித் தந்தால் போதும். அதைக் கொண்டுபோய்க் கடையில் காட்டலாம்.

ஏற்கெனவே பிழையான பட்டையோடு செடி வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டையைத் தூக்கி எறியவேண்டாம். அதைத் திருப்பிப் பின்பக்கத்தில், பென்சிலால், 'பூத்துப் பார்த்தது, இதுவல்ல' என்றும், பூத்த மாதம் வருடத்தையும், வாங்கிய இடத்தையும் எழுதி அதே சட்டியில் குத்திவையுங்கள். அதே போத்தலில் வந்த இன்னொரு கன்று இன்னொரு வீட்டில் பூக்கும்போது ஒப்பிட அது தேவைப்படும்.

இப்படிக்கு,
ஓர்கிட் வளர்க்கும் வாசகர்கள்,
பண்டாரவளை.